விரைவுப் பேருந்தும் விஞ்ஞானமும்

பத்தாம் வகுப்பு மாணவி

"காலம் பொன் போன்றது" என்று நாம் கட்டுரை நோட்டில் பலமுறை எழுதியிருக்கிறோம். அந்தப் பொன்னை நம் மக்கள் நாள்தோறும் எங்கே இழக்கிறார்கள் என்று சற்றே எண்ணிப் பார்த்தால், பேருந்து நிறுத்தம் நம் கண்முன் வந்து நிற்கும். வேலைக்குச் செல்லும் தந்தை, சந்தைக்குச் செல்லும் தாய், மருத்துவமனைக்குச் செல்லும் பாட்டி, பள்ளிக்குச் செல்லும் நாம் என எல்லோரும் அங்கே காத்திருக்கிறோம். சொந்த வண்டி உள்ளவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஆகவே இது ஏழைகளும் முதியோரும் பெண்களும் மாணவர்களும் பணத்துக்குப் பதிலாக நேரத்தால் செலுத்தும் ஒரு வரி எனலாம்.

இந்த வரியைக் குறைக்க முடியுமா? முடியும் என்று உலகில் பல நகரங்கள் செய்து காட்டியுள்ளன. தண்டவாளம் போடாமல், சுரங்கம் தோண்டாமல், சாதாரணச் சாலையிலேயே பேருந்தை ரயிலைப் போல் ஓடச் செய்யும் ஏற்பாட்டிற்குப் 'பேருந்து விரைவுப் போக்குவரத்து' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இதைப் 'பி.ஆர்.டி.' என்றும் அழைப்பர். அதில் பயன்படும் தொழில்நுட்பங்கள் யாவை, அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றுள் எவை நம் ஜவ்வாது மலைக்கும் ஏறி வரக்கூடியவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிறந்த கதை

தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டில் குரிடிபா என்றொரு நகரம் உள்ளது. அங்கு மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. சுரங்க ரயில் அமைக்கலாம் என்றால் அதற்குப் பெரும் பொருட்செலவு ஆகும். அப்போது மேயராக இருந்த ஜெய்மி லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். அவரது காலத்தில், 1974ஆம் ஆண்டு, சாலையின் நடுவே பேருந்துக்கென்றே தனி வழி ஒதுக்கப்பட்டது. 1991ல் கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1992ல் மூன்று பெட்டிகள் இணைந்த, 25 மீட்டர் நீளமுள்ள பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஒரு பேருந்தில் சுமார் 270 பேர் ஏறிச் செல்லலாம்!

குரிடிபாவைப் பார்த்துப் பிற நகரங்களும் முன்வந்தன. கொலம்பியா நாட்டின் தலைநகரான போகோட்டாவில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் 'டிரான்ஸ்மிலேனியோ' தொடங்கியது. நெரிசல் மிகுந்த நேரத்தில் அதன் முதன்மைத் தடத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்குச் சுமார் 40,000 பேர் பயணம் செய்கிறார்கள். பல நாடுகளின் மெட்ரோ ரயில்களுக்கு இணையான எண்ணிக்கை இது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2004ல் இம்முறை வந்தது.

நம் நாட்டில் 2006ல் பூனா நகரம் முதல் முயற்சியைச் செய்தது. 2008ல் டில்லியும், 2009 அக்டோபரில் ஆமதாபாத்தும் தொடர்ந்தன. ஆமதாபாத் சேவைக்கு 'ஜன்மார்க்', அதாவது 'மக்கள் வழி', என்று பெயர். நமக்கு ஓரளவு அருகில் உள்ளது கர்நாடக மாநிலத்தின் இரட்டை நகரங்களான ஹூப்ளி–தார்வாட் தடம். சுமார் 22 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் 2018ல் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2020ல் முறைப்படி திறப்பு விழா நடந்தது. அந்தப் பேருந்துகளுக்குச் 'சிகரி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது அந்தப் பகுதிக் கன்னடத்தில் மானைக் குறிக்கும் சொல். பொருத்தமான பெயர்தானே! தமிழ்நாட்டில் இத்தகைய தனித்தட முறை இன்னும் வரவில்லை.

நேரம் எங்கே போகிறது?

விரைவுப் பேருந்து என்றதும், அது காற்றாய்ப் பறக்கும் வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. அதன் இயந்திரம் பெரும்பாலும் மற்றப் பேருந்துகளின் இயந்திரம் போன்றதே. அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதுமில்லை. வீணாக நிற்பதைத் தவிர்ப்பதுதான் அதன் விரைவுக்குக் காரணம்.

நகரத்தில் ஓடும் ஒரு பேருந்து நான்கு இடங்களில் நேரத்தை இழக்கிறது. ஒன்று, மற்ற வண்டிகளின் நெரிசல். இரண்டு, சிவப்பு விளக்கு. மூன்று, பயணிகள் படியேறி இறங்கும் இடம். நான்கு, பயணச்சீட்டு வாங்கும் இடம். இந்த நான்கையும் விட்டுவிட்டு இயந்திரத்தின் சக்தியை மட்டும் கூட்டினால் பயன் என்ன?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடத்தில் 20 நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் 10 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படியேற ஒருவருக்கு 3 விநாடி என்றால், ஒரு நிறுத்தத்தில் 30 விநாடி ஆகும். படியே இல்லாமல், அகன்ற கதவு வழியாக ஒருவருக்கு 1 விநாடி வீதம் ஏறினால் 10 விநாடி போதும். நிறுத்தத்திற்கு 20 விநாடி வீதம் 20 நிறுத்தங்களில் 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி மிச்சமாகும். ஓட்டுநர் ஓர் அங்குலங்கூட வேகத்தைக் கூட்டாமலே இவ்வளவு மிச்சம்!

இன்னொரு கணக்கு. ஒரு நடைக்கு 60 நிமிடம் ஆகும் பேருந்து 12 மணி நேரத்தில் 12 நடை போகும். அதே நடை 45 நிமிடத்தில் முடிந்தால் 16 நடை போகலாம். அதே வண்டி, அதே ஓட்டுநர். ஆனால் மக்களுக்கு 4 நடை கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே நிற்கும் நேரத்தைக் குறைப்பது புதிய பேருந்துகள் வாங்குவதற்குச் சமம். இனி அந்த நான்கு இழப்புகளையும் விஞ்ஞானம் எவ்வாறு சரிசெய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தனி வழி

முதலாவது, பேருந்துக்கென ஒதுக்கப்பட்ட வழி. இது பெரும்பாலும் சாலையின் நடுவே அமைகிறது. ஓரத்தில் அமைத்தால் ஆட்டோக்கள் நிற்கும். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வண்டிகள் மறிக்கும். பக்கத் தெருக்களிலிருந்து வண்டிகள் நுழையும். நடுவில் இந்தத் தொல்லைகள் குறைவு.

இதனால் ஒரு வேடிக்கையான மாற்றமும் நேர்கிறது. நம் நாட்டில் பேருந்துக் கதவு இடப்பக்கம் இருப்பதே வழக்கம். ஆமதாபாத்தில் நிலையம் சாலையின் நடுவே இருப்பதால், இரு திசைப் பேருந்துகளுக்கும் அது வலப்பக்கமாக அமைகிறது. ஆகவே அந்தப் பேருந்துகளுக்கு வலப்பக்கத்தில் கதவு வைத்திருக்கிறார்கள்.

ஒரே வழியில் பல பேருந்துகள் வந்தால், முன்னது நிற்கும்போது பின்னதும் நிற்க வேண்டுமே என்று கேட்கலாம். இதற்கு போகோட்டாவிலும் ஹூப்ளி–தார்வாடிலும் நிலையங்களின் அருகே முந்திச் செல்ல இன்னொரு வழியும் வைத்துள்ளனர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் பேருந்து நிற்கட்டும். சில நிலையங்களில் மட்டுமே நிற்கும் பேருந்து அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1986ல் தொடங்கிய 'ஓ-பான்' என்னும் வழி இன்னும் விந்தையானது. அங்கே கான்கிரீட் பாதையின் இருபுறமும் உயர்ந்த விளிம்புகள் உண்டு. பேருந்தின் முன்சக்கரங்களின் பக்கத்தில் சிறிய உருளைகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால், அந்தப் பாதையில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. பாதை முடிந்ததும் அதே பேருந்து சாதாரணச் சாலையில் ஏறிப் போய்விடும்.

மேடையும் கதவும்

அடுத்தது படி. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கும், ஊன்றுகோல் பிடித்தவருக்கும் பேருந்தின் உயரமான முதற்படி ஒரு மலைதான். விரைவுப் பேருந்து நிலையத்தில் மேடையின் உயரமும் பேருந்துத் தளத்தின் உயரமும் ஒன்றாக இருக்கும். ஆமதாபாத்தில் இந்த உயரம் சுமார் 90 சென்டிமீட்டர். வீட்டு அறையிலிருந்து கூடத்துக்குப் போவதுபோல் நடந்தே உள்ளே போய்விடலாம். சக்கர நாற்காலியும் உருண்டு போகும்.

மேடைக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி விழாதிருக்க, ஓட்டுநர் மிக நெருக்கமாக நிறுத்த வேண்டும். இதற்கென அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. குரிடிபாவில் கதவு திறந்தவுடன் ஒரு சிறு பலகை கீழே விழுந்து மேடையோடு பாலமாகப் பொருந்திக்கொள்ளும். பேருந்து வந்து நின்ற பிறகே திறக்கும் தானியங்கிக் கதவுகளை நிலையத்திலும் வைப்பதுண்டு. இதனால் யாரும் தவறி வழியில் விழ நேராது.

மேடை இல்லாத ஊர்களுக்கு வேறொரு வழி உண்டு. சென்னையில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சற்றே தாழ்ந்து கொடுக்கின்றன. சக்கரங்களின் மேலுள்ள காற்றுப் பைகளிலிருந்து காற்றை வெளியேற்றுவதால் இது நடக்கிறது. பயணி ஏறியதும் மீண்டும் காற்றை நிரப்பி நிமிர்ந்துகொள்கிறது. யானை முன்காலை மடக்கிப் பாகனை ஏற்றிக்கொள்வதை இது நினைவூட்டும்.

ஏறும் முன்பே சீட்டு

மூன்றாவது, பயணச்சீட்டு. மெட்ரோ ரயிலில் நாம் பெட்டிக்குள் சீட்டு வாங்குவதில்லை. நிலையத்திற்குள் நுழையும்போதே வாங்கிவிடுகிறோம். விரைவுப் பேருந்திலும் அப்படியே. நுழைவாயிலில் சீட்டையோ அட்டையையோ காட்டினால் தடுப்பு திறக்கும். பேருந்து வந்ததும் எல்லாக் கதவுகளிலும் ஒரே சமயத்தில் ஏறலாம்.

இந்த அட்டையில் ஒரு விஞ்ஞான அதிசயம் ஒளிந்திருக்கிறது. அதற்குள் மின்கலம் கிடையாது. பொடி அளவு சில்லும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் மட்டுமே உண்டு. படிக்கும் கருவியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உள்ளது. அட்டையை அருகே கொண்டு சென்றதும் அந்தக் கம்பிச் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தால் சில்லு விழித்தெழுந்து, தன் எண்ணைச் சொல்லி, கட்டணத்தைக் கழிக்க விட்டு, மீண்டும் உறங்கிவிடுகிறது. 1831ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் பாடம் ஆயிரக்கணக்கானோரின் கைப்பையில் இருக்கிறது!

பச்சை விளக்கு காத்திருக்கும்

நான்காவது, சைகை விளக்கு. அறுபது பேர் உள்ள பேருந்தும், ஒருவர் மட்டுமே உள்ள காரும் சிவப்பு விளக்கில் ஒரே அளவு நேரம் நிற்பது நியாயமா? இக்கேள்விக்கு விடையாக வந்ததே 'பேருந்துக்கு முன்னுரிமை தரும் விளக்கு'.

முதலில் பேருந்து வருவதை விளக்கு அறிய வேண்டும். அதற்குப் பல வழிகள் உள்ளன. சாலைக்கு அடியில் கம்பிச் சுருளைப் புதைத்து மின்சாரம் செலுத்துவது ஒரு வழி. உலோகத்தாலான பெரிய வண்டி மேலே வந்ததும் அந்தச் சுருளின் மின்தன்மை மாறுகிறது. அதைக் கண்டு கருவி கணக்கிடுகிறது. பேருந்தில் சிறு வானொலி அலைக் கருவி பொருத்துவது இன்னொரு வழி. செயற்கைக்கோள் மூலம் பேருந்தின் இடத்தை அறிவது மூன்றாவது வழி.

பேருந்து நெருங்குவதை அறிந்ததும் விளக்கு இரண்டில் ஒன்றைச் செய்யும். பச்சை எரிந்துகொண்டிருந்தால், பேருந்து கடக்கும் வரை அதைச் சில விநாடி நீட்டிக்கும். சிவப்பு எரிந்துகொண்டிருந்தால், அதைச் சில விநாடி முன்னதாக முடிக்கும். குறுக்குச் சாலையில் நிற்பவரும், முக்கியமாகச் சாலையைக் கடக்கும் பாதசாரிகளும், தமக்குரிய நேரத்தை முழுவதும் இழந்துவிடாதபடி இதற்கு ஓர் எல்லையும் வைப்பார்கள்.

வானிலிருந்து வரும் சேதி

மேற்கூறிய நான்கும் ஓடும் நேரத்தைக் குறைப்பவை. காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது செயற்கைக்கோள்.

ஜி.பி.எஸ். எனப்படும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். இப்போது மணி இன்னது' என்று அவை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அலை ஒளியின் வேகத்தில், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வீதம், கீழே வர ஏறக்குறைய 0.07 விநாடி ஆகும். பேருந்தில் உள்ள கருவி அந்தத் தாமதத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சேதி கிடைத்தால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும். கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை வந்தாலும் இடக் கணக்கு 300 மீட்டர் தவறிப்போகும் என்றால், அந்தக் கடிகாரங்களின் நுட்பத்தை என்னென்பது! நம் நாட்டின் 'நாவிக்' செயற்கைக்கோள்களும் இவ்வாறே வேலை செய்கின்றன.

நம் மலையிலே காவலூர் வானாய்வகத்தில், 1986ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியால் விஞ்ஞானிகள் பூமியிலிருந்து விண்மீன்களின் இருப்பிடத்தை நோக்குகிறார்கள். பேருந்தோ விண்ணைக் கேட்டுப் பூமியில் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்கிறது.

அறிந்த இடத்தைச் செல்பேசி அலைவழியே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. அங்கே எல்லாப் பேருந்துகளும் திரையில் புள்ளிகளாகத் தெரியும். நிலையப் பலகையில் 'அடுத்த பேருந்து 4 நிமிடத்தில்' என்று எழுத்து ஓடும்.

கட்டுப்பாட்டு அறைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நெடுநேரம் ஒரு பேருந்தும் வராமல், பிறகு இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை நாம் பார்த்திருக்கிறோம். 'பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள்' என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். ஆனால் அதன் காரணம் வேறு. முதற்பேருந்து சற்றே தாமதமானால், நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டத்தை ஏற்ற அதிக நேரம் ஆவதால் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பேருந்துக்குக் கூட்டம் குறைவு. ஆகவே அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். இதைத் திரையில் கண்டதும், பின்னதைச் சில நிமிடம் நிறுத்திவைக்கவோ, முன்னதைச் சில நிறுத்தங்களைக் கடந்து போகவோ கட்டுப்பாட்டு அறையினர் சொல்வார்கள். இடைவெளி மீண்டும் சீராகும்.

இந்தியாவில் பொதுப் பயணி வண்டிகளுக்கென வகுக்கப்பட்ட 'ஏ.ஐ.எஸ். 140' என்னும் தரவிதியின்படி, இருப்பிடம் காட்டும் கருவியோடு ஆபத்துக்கால பொத்தானும் பொருத்த வேண்டும். தனியே பயணம் செய்யும் பெண்களுக்கு இந்தச் சிறு பொத்தான் பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டில்லி தரும் பாடம்

இத்தனை விஞ்ஞானம் இருந்தும் எல்லா ஊர்களிலும் இம்முறை வெற்றி பெற்றுவிடவில்லை. டில்லியில் 2008ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரத்திற்குத் தனி வழி அமைத்தனர். ஆனால் அதில் ஓடியவை பெரும்பாலும் பழைய பேருந்துகளே. நிலையத்திற்குள் நுழையும்போதே சீட்டு வாங்கும் ஏற்பாடு இல்லை. பல தடங்களின் பேருந்துகளும் ஒரே வழியில் நுழைந்தன. நிறுத்தங்கள் சைகை விளக்கின் அருகிலேயே இருந்ததால் பேருந்துகள் வரிசையாகத் தேங்கின. அதாவது, நான்கு இழப்புகளில் ஒன்றை மட்டும் சரிசெய்து, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டனர்.

காரில் சென்றவர்களுக்குக் கோபம் வந்தது. 'எங்கள் வழியைப் பறித்துவிட்டார்கள்' என்று வழக்கும் தொடரப்பட்டது. அந்தச் சாலையில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கையில் பேருந்துகள் மிகச் சிலவே. ஆனால் பயணம் செய்த மனிதரில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தச் சில பேருந்துகளுக்குள் இருந்தனர். 2012ல் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. என்றாலும் எதிர்ப்பு அடங்கவில்லை; 2016ல் அத்தடம் அகற்றப்பட்டது. 2013ல் தொடங்கி மக்கள் பெரிதும் பயன்படுத்திவந்த இந்தூர் நகரத் தடத்தையும் அகற்ற 2024ல் முடிவாகி, 2025ல் உயர்நீதிமன்றமும் அதற்கு அனுமதி தந்தது.

இதில் இரு பக்க நியாயமும் உண்டு. சாலை குறுகலான இடத்தில் ஒரு வழியைப் பேருந்துக்குக் கொடுத்தால் மற்றவர்க்கு நெருக்கடி வருவது உண்மையே. ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 60 பேர் ஒரு பேருந்தில் சென்றால் 12 மீட்டர் நீளம் போதும். அதே 60 பேர் காருக்கு இருவராகச் சென்றால் 30 கார்கள். ஒன்றுக்கு 4 மீட்டர் என்று, இடைவெளியே விடாமல் நிறுத்தினாலும் 120 மீட்டர் வேண்டும். சாலை வண்டிகளுக்கு உரியதா, மனிதர்களுக்கு உரியதா என்பதே இங்கு உள்ள கேள்வி. அதற்குக் கணிப்பொறியோ செயற்கைக்கோளோ விடை சொல்லாது. நாம்தாம் சொல்ல வேண்டும்.

நம் மலைக்கு எது வரும்?

"இதெல்லாம் பட்டணத்து விஷயம், ஜவ்வாது மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலைகளில் நெரிசல் ஏது? ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். எதிரே ஒரு லாரி வந்தால் பேருந்து ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். இங்கே தனி வழி தேவையுமில்லை; அதற்கு இடமுமில்லை.

ஆனால் காத்திருக்கும் வரியை நகரத்தாரைவிட நாமே அதிகம் செலுத்துகிறோம். பட்டணத்தில் ஒரு பேருந்து தவறினால் பத்து நிமிடத்தில் இன்னொன்று. நம் சிற்றூர்களில் ஒன்று தவறினால் அரை நாள் போய்விடும். சாமை மூட்டையோடும் புளிக் கூடையோடும் சாலையோரம் விடியற்காலை முதல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு, பேருந்து புறப்பட்டதா, வழியில் நின்றுவிட்டதா என்று சொல்வார் யாருமில்லை. என் பெரியம்மா மகளுக்குக் கீழே கல்லூரியில் இடம் கிடைத்தது. மாலைப் பேருந்து எப்போது வரும் என்று நிச்சயமில்லாததால், விடுதியில் இடம் கிடைத்த பிறகுதான் அனுப்புவேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். விடுதியில் இடம் கிடைக்க ஓர் ஆண்டு ஆயிற்று. பேருந்தின் நேரம் ஒரு பெண்ணின் படிப்பையே நிர்ணயித்துவிடுகிறது.

ஆகவே நமக்கு முதலில் வேண்டியது இருப்பிடம் காட்டும் கருவியே. மலை மடிப்புகளில் செல்பேசி அலை கிடைக்காதே என்ற ஐயம் எழும். செயற்கைக்கோளின் சேதியைப் பெறச் செல்பேசிக் கோபுரம் தேவையில்லை; வானம் தெரிந்தால் போதும். பெற்ற கணக்கை அனுப்பத்தான் கோபுரம் வேண்டும். அலை இல்லாத இடத்தில் கருவி அக்கணக்கைச் சேமித்து வைத்துக்கொண்டு, அலை கிடைத்தவுடன் அனுப்பிவிடும். பேருந்து அடிவாரத்தை விட்டு ஏறிவிட்டது என்ற ஒரு சேதி தெரிந்தாலே போதும். பாதிக் கவலை தீரும். இன்ன ஊரை இன்ன நேரத்தில் கடக்கும் என்பதைக் கடைவாசலில் ஒரு பலகையில் எழுதிவைத்தால், செல்பேசி இல்லாதவர்க்கும் அது பயன்படும்.

இரண்டாவது, ஏறும் வசதி. முக்கியமான நிறுத்தங்களில் மட்டுமாவது, பேருந்தின் முதற்படி உயரத்திற்குக் கல்லும் சிமெண்டும் கொண்டு ஒரு சிறு மேடை கட்டலாம். இதற்கு வெளிநாட்டு இயந்திரம் ஒன்றும் வேண்டாம். நம் ஊர்க் கொத்தனாரே கட்டிவிடுவார்.

மூன்றாவது, மின்பேருந்து. இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ரோதங் கணவாய்க்கு 2017லேயே மின்பேருந்து ஏறிவிட்டது. அக்கணவாயின் உயரம் ஏறக்குறைய 13,000 அடி! மலையிறக்கத்தில் மின்பேருந்துக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. இறங்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறிவிடும். வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை மின்கலத்தில் சேர்த்துவிடும். ஏறும்போது செலவழித்ததில் ஒரு பங்கை மலையே திருப்பித் தந்துவிடும் எனலாம். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் தேய்வதும் சூடேறுவதும் குறையும். காட்டில் புகையும் ஒலியும் குறையும்.

முடிவுரை

அன்புத் தோழியரே, விரைவுப் பேருந்தின் விஞ்ஞானத்தை ஒரே வரியில் சொல்வதானால், 'பயணியின் ஒரு விநாடிக்கும் மதிப்புண்டு' என்று சொல்லலாம். கம்பிச் சுருளும் அணுக்கடிகாரமும் காற்றுப் பையும் அந்த ஓர் எண்ணத்திற்குப் பணி செய்யும் கருவிகளே. அந்த எண்ணம் உள்ள ஊரில் சிமெண்டு மேடையும் ஒரு தொழில்நுட்பம்தான். அது இல்லாத ஊரில் பல கோடி ரூபாய்த் தடமும் வீண்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், எந்த நிறுத்தத்தில் எத்தனை விநாடி நின்றது, எதற்காக நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்ததும் நாம் எல்லோரும் நம் குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்போம். நம் மலைப் பாதையில் நேரம் எங்கெங்கே வீணாகிறது என்பது அப்போது எண்களாகவே தெரிந்துவிடும். அதை எழுதிப் பெற்றோர் வழியாக ஊராட்சியில் கொடுத்தால், வெறும் குறையாக இராமல் கணக்கோடு கூடிய கோரிக்கையாக இருக்கும். குரிடிபாவிலும் யாரோ ஒருவர் முதலில் இப்படித்தான் கடிகாரத்தோடு சாலையோரம் நின்றிருக்க வேண்டும்.